சிறுகோள் பட்டை: கல் மழையா, வெட்டவெளியா?

தண்டையார்பேட்டை_டார்க்மேட்டர்:
நாம் செய்கிற விண்வெளி கேமின் இரண்டாம் பாகம் முழுக்க செவ்வாய் கோளுக்கும் வியாழன் கோளுக்கும் நடுவில் இருக்கிற சிறுகோள் பட்டையில்தான் நடக்கிறது. பட்டைக்குள் நுழைந்ததுமே நாலாபக்கமும் கல் பறக்கும், வளைந்து நெளிந்து தப்பிக்கணும் என்று ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்துவிட்டீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அது எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசை கட்டுகிற மாதிரி இடம் இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சராசரியாகப் பல லட்சம் கிலோமீட்டர். மொத்தத்தையும் உருட்டிச் சேர்த்தாலும் நிலாவின் நிறையில் 3 சதவீதம்தான் தேறும், அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீரஸ் என்ற குள்ளக்கோள் ஒன்றே. 1972-ல் நாசாவின் பயனியர் 10 விண்கலம் உள்ளே போனது, கீறல்கூட இல்லாமல் அந்தப் பக்கம் வந்தது.

காசிமேடு_கேப்டன்:
தலைவா, பாடம் நடத்தப் போறியா, கேம் விடப் போறியா? கருப்புத் திரையை மாசக்கணக்கில் பார்க்க எவன் காசு கொடுப்பான்? மோதலுக்கு கோட் எழுதி முடித்தவன் நான், ராத்திரி தூக்கம் போனது எனக்குத்தான். நிஜம் வேணும்னா டாக்குமெண்டரி பார்க்கட்டும்.

தண்டையார்பேட்டை_டார்க்மேட்டர்:
உன் கோட் வீணாகாது கேப்டன், இடத்தை மட்டும் மாற்று. 2020-ல் பெண்ணு என்ற சிறுகோளில் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் தன் இயந்திரக் கையை வைத்தபோது தரை தாங்கவே இல்லை, கை அரை மீட்டர் உள்ளே போனது, கல்லும் தூசியும் கிளம்பி கேமராவை மறைத்தது. அப்படி ஒரு சரளைக் குவியலில் இறங்குகிற காட்சி வை. அங்கே கல் பறந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

காசிமேடு_கேப்டன்:
பெண்ணு பட்டையிலேயே இல்லையே, பூமிக்குப் பக்கத்தில்தானே சுத்துது!

வியாசை_ஸ்டிரைக்கர்:
பட்டையிலும் சரளைக் குவியல்கள் இருக்கின்றன அண்ணே. சில்வியா என்ற சிறுகோளை எடுத்துக்கோங்க, உள்ளே பாதிக்குப் பாதி இடைவெளியாக இருக்கலாம் என்கிறார்கள். 1866-ல் நம்ம மெட்ராஸ் வானாய்வகத்தில் இருந்து, அதாவது நுங்கம்பாக்கத்தில் இருந்து, வானியலாளர் போக்சன் கண்டுபிடித்தது. அதற்கு இரண்டு நிலா வேறு. அதே ஆள் 1861-லேயே இங்கிருந்து ஆசியா என்ற சிறுகோளையும் பிடித்திருக்கிறார். இதை விட்டுட்டு வாயில் நுழையாத பேர் எதுக்கு? கதாநாயகியின் தளத்தை சில்வியாவில் வையுங்க.

காசிமேடு_கேப்டன்:
சரி, இது பரவாயில்லை. ஆனா பயணம் முழுக்க வெறுமைதானே? டென்ஷன் எங்கே?

தண்டையார்பேட்டை_டார்க்மேட்டர்:
டென்ஷன் கணக்கில் இருக்கு. சூரியனைச் சுற்ற சீரஸுக்கு 4.6 வருஷம், பட்டையில் இருக்கிற வெஸ்டா என்ற இன்னொரு பெரிய சிறுகோளுக்கு 3.6 வருஷம். அதனால் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து வர ஏறக்குறைய 17 வருஷம் ஆகும். நடுவில் ஒன்று சூரியனுக்கு அந்தப் பக்கம், இன்னொன்று இந்தப் பக்கம். வரைபடத்தில் பக்கத்து வீடு, நிஜத்தில் பல கோடி கிலோமீட்டர். வெஸ்டாவில் கடன் வாங்கினவன் சீரஸுக்கு ஓடிட்டான் என்று வை, துரத்துகிறவனிடம் எரிபொருள் ஒரு தடவைக்குத்தான் இருக்கு, கிளம்பலாமா, அடுத்த வாய்ப்புவரை காத்திருக்கலாமா? துரத்துகிறவன் கிழவனாகிவிடுவான்.

வியாசை_ஸ்டிரைக்கர்:
வட்டி கணக்கு யார் போடுவது? 😄

காசிமேடு_கேப்டன்:
கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆரம்பத்திலேயே ஒரு மோதல் வேணும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் பத்து நிமிஷத்தில் எதுவும் உடையலைன்னா ஆடுறவன் மூடிட்டுப் போயிடுவான். சில்வியாவில் இறங்குற காட்சியை முதலில் கொண்டுவா, 17 வருஷக் கணக்கெல்லாம் அப்புறம். அந்த 17 வருஷத்தைத் திரையில் எப்படி ஓட்டுவே, அதையும் எழுதி அனுப்பு. காலண்டர் தாள் கிழியுற மாதிரி மட்டும் வேண்டாம்.