மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்த குமரி மாவட்டத்துக்காரர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தக்கலை அக்கா:
ரிப்போர்ட்டில் "பைராட்ஸ் 0" என்று முடிவைக் குறிக்கும் எண் இருந்தது. பூஜ்யம்தானே, ஒன்றும் இல்லை என்று மைனி (அண்ணி) சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னது வேறு. 0 என்றால் அந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, இன்னும் பார்க்க வேண்டும் என்று அர்த்தமாம். 1, 2 வந்தால் நிம்மதி. 3 வந்தால் பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி படம். 4, 5 என்றால் சதை எடுத்துப் பார்ப்பார்கள். பேப்பரைக் கையில் தந்தவர்கள் இதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அன்று ராத்திரி தூக்கமே இல்லை. அப்புறம் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்தால் வெறும் நீர்க்கட்டி.

வலிக்குமா என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து நன்றாக அழுத்துவார்கள், வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் சில நொடிதான், பக்கத்துக்கு இரண்டு படம். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவு. அக்குளில் பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம்; படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழுந்து குழப்பும்.

குலசேகரம்:
எனக்கு 34 வயது, அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) வேலை. பிரஷர் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையம் போனபோது நர்ஸ் கையால் பரிசோதித்துவிட்டு, கட்டி இருக்கிறது என்றார். எனக்கு மேமோகிராம் எடுக்கவில்லை, ஸ்கேன்தான். இந்த வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும், படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை, பிரித்துப் பார்ப்பது கஷ்டம் என்றார்கள். ஊசி போட்டு சதை எடுத்தால் பரவிவிடும் என்று மாமியார் தடுத்துப் பார்த்தார். டாக்டரே அவரை உட்கார வைத்து, அப்படிப் பரவாது என்று விளக்கினார். ஃபைப்ரோஅடினோமா, புற்று இல்லை.

நாகர்கோவில் (நர்ஸாக இருந்தவள்):
அந்தக் கைப் பரிசோதனை 30 முதல் 65 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அரசுத் திட்டத்திலேயே உண்டு, கேட்டு வாங்குங்கள். மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருடம் தொடர்ந்த ஆய்வு 2021-இல் வெளியானது. கையால் பரிசோதித்ததில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்று மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது.

மேமோகிராம் எந்த வயதில் என்றால், அமெரிக்காவில் 2024 முதல் 40 வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்கிறார்கள். அம்மாவுக்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்று இருந்திருந்தால் வயதைப் பார்க்காமல் டாக்டரிடம் பேசுங்கள். படம் நார்மல் என்று வந்தும் கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் விடாதீர்கள், மேமோகிராமுக்குத் தப்புவதும் உண்டு.

பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போனாலும் சரி, திருவனந்தபுரம் ஆர்.சி.சி. (புற்றுநோய் மையம்) போனாலும் சரி, ஒப்பிட்டுப் பார்க்க அதைத்தான் முதலில் கேட்பார்கள்.