தங்கச்சிமடம் வீட்டுக் குழு: அம்மாச்சி விழுந்த அன்று

அதிகாலை 5:20

பெரியம்மா: யாராவது முழித்திருக்கிறீர்களா? அம்மா பாத்ரூம் படியில் விழுந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. வலது காலைத் தொட்டாலே கத்துகிறாள்.

மதுரை அக்கா: பெரியம்மா, தூக்கி நிறுத்திப் பார்க்காதீர்கள். வலது கால் குட்டையாகத் தெரிகிறதா? பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கிறதா?

பெரியம்மா: ஆமாம்டி, நீ சொல்கிற மாதிரியேதான் கிடக்கிறது.

மதுரை அக்கா: இடுப்பில் உடைந்திருக்கும் போல. எண்ணெய் தடவ வேண்டாம், நீவவும் வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அம்மாச்சி சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

மண்டபம் மாமா: பொறுங்கள். எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் ஒருத்தரை எனக்குத் தெரியும். என் கை முறிந்தபோது அவர்தான் சரி செய்தார். 78 வயதில் கத்தி வைக்க வேண்டுமா?

மதுரை அக்கா: மாமா, கை வேறு, இது வேறு. கை முறிந்தால் நடமாடலாம். இதற்குக் கட்டுப் போட்டால் மாதக்கணக்கில் படுக்கைதான். முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும். உடைந்த எலும்பை விட அந்தப் படுக்கைக்குத்தான் நான் பயப்படுகிறேன். நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி வார்டுக்கு ஒரு மாதம் கட்டோடு கிடந்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அப்போது டாக்டராலேயே பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆகிவிட வேண்டும்.

சவூதி தம்பி: பணம் எவ்வளவு அனுப்பட்டும்?

மதுரை அக்கா: ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறார்கள், அரசு ஆஸ்பத்திரி. காப்பீட்டு அட்டையை மட்டும் மறக்காமல் எடுக்கச் சொல்.

மாமா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்

மண்டபம் மாமா: சரி. நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டில் நிற்கிறேன். ஆம்புலன்ஸ் வந்ததும் ஏறிக்கொள்கிறேன்.

காலை 11:40

பெரியம்மா: 📷 எக்ஸ்ரே

மதுரை அக்கா: தொடை எலும்பின் கழுத்தில் உடைந்து விலகியிருக்கிறது. மேலே இருக்கிற பந்துக்கு ரத்தம் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் போகிறது. இவ்வளவு விலகினால் ஒட்டுவது சந்தேகம். பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பார்கள். இன்னும் கொஞ்சம் கீழே உடைந்திருந்தால் கம்பி, திருகு போட்டு ஒட்ட வைத்திருப்பார்கள்.

மண்டபம் மாமா: ஒன்று கேட்கிறேன். கடல்பாசி எடுக்கப் போய்ப் பாறையில் எத்தனை தடவை வழுக்கி விழுந்தவள்! அங்கே உடையாதது ஒரு படியில் உடையுமா? எலும்பு தானாக முறிந்துதான் விழுந்தாளோ?

மதுரை அக்கா: அப்படியும் நடக்கும் மாமா, ஆனால் அபூர்வம். நூற்றில் தொண்ணூறுக்கு மேல் விழுந்து உடைகிறதுதான். அதுவும் மாடியிலிருந்து இல்லை, நின்ற உயரத்திலிருந்து, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே. விழுகிற விதம் வயதோடு மாறுகிறது. சுறுசுறுப்பாக நடக்கிறவர் முன்பக்கம் விழுவார், கையை ஊன்றிக்கொள்வார். நடை தளர்ந்தவர் பக்கவாட்டில் சரிவார், கை வந்து சேராது, மொத்த எடையும் இடுப்பில் இறங்கும்.

பாம்பன் சித்தி: மகளே, ஆறேழு வருடம் முன்னால் அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்ததே!

மதுரை அக்கா: அதேதான் அம்மா. அன்றைக்குக் கை ஊன்றினார், கை உடைந்தது. எலும்பு இளைத்துவிட்டது என்று அதுவே சொன்னது. மாவுக்கட்டுப் போட்டவர்கள் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கச் சொல்லவே இல்லை. எனக்கு இப்போதும் கோபம்.

சவூதி தம்பி: எலும்பு இளைத்தது வைட்டமின் டி குறைந்தா? வெயிலிலேயே காய்ந்த உடம்புக்கு அதுகூடவா குறையும்?

மதுரை அக்கா: குறையும்டா. கண்புரை வந்ததிலிருந்து அவர் வாசலுக்கே வருவதில்லையே. வயதான தோல் முன்போல அதைத் தயாரிப்பதும் இல்லை. பெரியம்மா, ராத்திரி என்னென்ன மாத்திரை போட்டார்?

பெரியம்மா: பிரஷருக்கு ஒன்று. நீர் போக ஒன்று. அப்புறம் தூக்கம் வர மெடிக்கலில் வாங்குகிறது ஒன்று.

மதுரை அக்கா: மூன்றையும் ராத்திரியிலா? ஒன்று பாத்ரூமுக்கு எழுப்பிவிடும், ஒன்று எழுந்ததும் தலையைச் சுற்ற வைக்கும், ஒன்று காலைத் தள்ளாட வைக்கும். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் அட்டைகளைக் காட்டி, எது வேண்டும், எந்த நேரம் என்று கேளுங்கள்.

பெரியம்மா: லைட்டும் போடவில்லை. போட்டால் கரண்ட் பில்லுக்கு நான் சாவேனா என்பாள்.

மறுநாள் மாலை 6:05

மண்டபம் மாமா: ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாளைக்கே வாக்கர் பிடித்து நிற்க வைப்பார்களாம். பாத்ரூமுக்குக் கைப்பிடி அடிக்க ஆளிடம் சொல்லிவிட்டேன். படியையும் இடித்துச் சரிவாக்கிவிடலாம்.

மதுரை அக்கா: நல்லது மாமா. அந்த நைலான் மிதியடியையும் தூக்கிப் போடுங்கள். அம்மா, அடுத்து நீங்கள்.

பாம்பன் சித்தி: எனக்கு என்ன? குத்துக்கல் மாதிரித்தானே இருக்கிறேன்.

மதுரை அக்கா: மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு இளைக்கும், உங்களுக்கு நின்று எத்தனை வருடம் ஆகிறது? பெற்ற தாய்க்கு இடுப்பு உடைந்திருந்தால் மகளுக்கும் வாய்ப்பு கூடுதல். எலும்பின் அடர்த்தியைப் பார்க்க டெக்ஸா என்று ஒரு ஸ்கேன் இருக்கிறது, ஊசி கிடையாது, பேசாமல் படுத்திருந்தால் போதும். பெரியம்மாவும் வர வேண்டும்.

பெரியம்மா: முதலில் அம்மாவை வீட்டுக்குக் கொண்டு வருவோம்.

பாம்பன் சித்தி: அக்கா வந்தால் நானும் வருகிறேன்.