8 கிலோபிட் வைத்தும் 24 போகிறதே, ஏன்?

கேள்வி: மலைப்பாதையில் ஓடும் லாரிக்காரர்களுக்கு, பட்டனை அழுத்திப் பேசும் ஆப் ஒன்று செய்கிறேன். பல இடங்களில் 2ஜி சிக்னல்தான். குரலைச் சுருக்கி அனுப்பும் கோடெக்கான ஓப்பஸில் பிட் ரேட்டை விநாடிக்கு 8 கிலோபிட்டாகக் குறைத்தேன். ஆனால் டேட்டா மீட்டரில் 24 காட்டுகிறது. இன்னும் குறைத்தால் குரல் தகரடப்பா மாதிரி ஆகிறது. இன்னும் குறைந்த பிட்டில் ஓடும் ‘கோடெக் 2’ என்ற வேறு கோடெக்குக்கு மாறிவிடலாமா?

பதில் 1: தம்பி, கோடெக்கில் கை வைக்காதீங்க. குரலைத் துண்டு துண்டாக, 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட்டாக அனுப்பினால் விநாடிக்கு 50. ஒவ்வொன்றிலும் குரல் வெறும் 20 பைட். அதன் தலையில் நெட்வொர்க் ஒட்டும் முகவரிச் சீட்டுகள் மாதிரியான ஐபி 20, யுடிபி 8, ஆர்டிபி 12, ஆக 40 பைட் சுமை. அதுவே 16 கிலோபிட்! ஃபிரேமை, அதாவது ஒரு பாக்கெட்டில் போகும் குரல் துண்டை, 60 மில்லி விநாடி ஆக்குங்க, சுமை ஐந்து சொச்சத்துக்கு இறங்கிவிடும். பட்டன் அழுத்திப் பேசுகிறவருக்குத் தாமதம் தெரியவே தெரியாது.

பதில் 2: சரிதான், ஆனால் 60-இல் ஒரு பாக்கெட் தொலைந்தால் ஓர் எழுத்தே போய்விடும். ‘வலது’ என்பது ‘லது’ ஆகும்.

கேட்டவர்: 60 வைத்தேன், 13 சொச்சம்தான் வருகிறது. அப்போ கோடெக் 2 வேண்டாமா?

பதில் 1: அது விநாடிக்கு 700 பிட் வரை இறங்கும், பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் ஒற்றை மனிதக் குரலை நம்பி, ஒலியை அப்படியே அனுப்பாமல் அதன் சுருதி போன்ற அளவுருக்களை மட்டும் அனுப்புகிற சரக்கு அது. டீசல் இன்ஜின் சத்தம் கலந்தால் கொப்பளிக்கிற மாதிரி கேட்கும். முதலில் மைக்கில் இரைச்சலைக் குறைக்கப் பாருங்க.