கிராஸ் ஸ்டிட்ச்: முழு கிட் வாங்கறதா, பேட்டர்ன் மட்டும் வாங்கி நூல் சேர்க்கறதா?

கூறைநாட்டு ஊசி (மயிலாடுதுறை)

எல்லாருக்கும் வணக்கம். சங்கிலித் தையல், காம்புத் தையல் எல்லாம் பழக்கம். கட்டம் எண்ணித் தைக்கிற கிராஸ் ஸ்டிட்ச் இதுதான் முதல். பூஜை அறையில் மாட்ட குழலூதும் கிருஷ்ணர் படம் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். அகலம் 168 கட்டம், உயரம் 224 கட்டம், 82 நிறம். மூணு விதமா விக்கிறாங்க. துணியிலேயே படம் அச்சடிச்ச 11 கவுன்ட் கிட் (துணி, நூல் எல்லாம் சேர்ந்த பொட்டலம்), விலை ரொம்பக் குறைவு. வெறும் துணி கொடுக்கிற 14 கவுன்ட் கிட், அதுக்கு மூணு மடங்கு விலை. அப்புறம் பிடிஎஃப் பேட்டர்ன் மட்டும்.

பிடிஎஃப் வாங்கினா, இங்கே கடைத்தெருவில் மீட்டர் கணக்கில் கிடைக்கிற, கட்டம் தெரியற மாதிரி நெய்த மேட்டி துணியில் தைக்கலாமா? கட்ட வரைபடமான சார்ட்டில் டிஎம்சி கம்பெனி நூல் நம்பர்தான் போட்டிருக்கு, இங்கே கிடைக்கிறது ஆங்கர் கம்பெனி நூல். எத்தனை கண்டு வாங்கணும்னு எப்படிக் கணக்குப் போடறது? பிரேம் போட்ட பிறகு ஒண்ணரை அடி உயரத்தைத் தாண்டக் கூடாது, இடம் அவ்வளவுதான்.

குடந்தைக் கட்டம் (கும்பகோணம்)

முதல்ல அளவைப் பாருங்க, பாதி முடிவு அதிலேயே வந்துடும். கவுன்ட்னா ஒரு அங்குலத்துக்கு எத்தனை கட்டம்னு அர்த்தம். சார்ட்டின் கட்டத்தைக் கவுன்ட்டால் வகுத்தா அங்குலம் வரும். உங்க 168 × 224 படம் 14 கவுன்ட்டில் 12 × 16 அங்குலம். 16 கவுன்ட்டில் பத்தரைக்கு 14. அதே படம் 11 கவுன்ட்டில் ஏறக்குறைய பதினஞ்சே காலுக்கு இருபதே கால் தாண்டும். உங்க சுவருக்கு 11 கவுன்ட் கிட் பொருந்தவே பொருந்தாது. துணி வாங்கும்போது நாலு பக்கமும் மூணு மூணு அங்குலம் சேர்த்துக்குங்க. 14 கவுன்ட்னா 18 × 22 அங்குலத் துண்டு வேணும்.

இப்போ நூல். ஒரு கண்டு 8 மீட்டர், அதில் ஆறு இழை, ஆக 48 மீட்டர் ஒற்றை இழை. 14 கவுன்ட்டில் ரெண்டு இழை சேர்த்துத் தைக்கணும். ஒரு கட்டத்தின் பக்கம் 1.8 மில்லிமீட்டர், முன்னால் ரெண்டு குறுக்கு, பின்னால் ரெண்டு நேர் ஓட்டம்னு கணக்குப் போட்டா ஒரு தையலுக்கு, ரெண்டு இழையும் சேர்த்து, பதினேழரை மில்லிமீட்டர். காகிதக் கணக்கில் ஒரு கண்டுக்கு 2,700 தையல் வரும். தொடக்கம், முடிவு, வெட்டிப் போடற துண்டு எல்லாம் போக 1,500-லிருந்து 1,800 தையல்தான் கைக்குக் கிடைக்கும்.

உங்க படம் முழுசும் நிரப்பறதா இருந்தா 37,632 தையல். 21-லிருந்து 25 கண்டு நூலே அதுக்குப் போதும். ஆனா 82 நிறம்! நிறத்துக்கு ஒண்ணாவது வாங்கணுமே. ஒரு கண்டு விலையை 82-ஆல் பெருக்கிப் பாருங்க, பிடிஎஃப் மலிவுங்கிற எண்ணம் போயிடும். நூல் செலவை ஏத்தறது படத்தோட அளவு இல்லை, நிறங்களோட எண்ணிக்கை. முதல் வேலைக்கு 25, 30 நிறத்துக்குள்ள இருக்கிற கிருஷ்ணரா தேடறதுதான் என் யோசனை.

நேரத்தையும் கணக்கில் வெச்சுக்குங்க. புதுசா தைக்கிறவங்களுக்கு மணிக்கு நூறு தையல் வந்தாலே நல்ல வேகம். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் இது ஒரு வருஷத்தைத் தாண்டற வேலை.

தஞ்சை தெற்கு வீதி (தஞ்சாவூர்)

82 நிறம் என்றதுமே எனக்கு ஒரு சந்தேகம். புகைப்படத்தையோ ஓவியத்தையோ கணினியில் போட்டு, அது பிரித்துக் கொடுத்ததை அப்படியே விற்கும் பேட்டர்ன்கள் நிறைய உலவுகின்றன. மாதிரிப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பத்துக்குப் பத்துக் கட்டத்துக்குள் பதினைந்து, இருபது விதக் குறிகள் ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடந்தால் அது அந்த வகைதான். ஒரு தையலுக்கு நூல் மாற்ற வேண்டும், பின்பக்கம் முடிச்சும் வாலுமாகத் தடித்துப் போகும், முகத்தில் தெளிவு இருக்காது. கையால் வரைந்த சார்ட்டில் ஒரே குறி கொத்துக் கொத்தாக வரும். கண், உதடு, விரல் ஓரங்களுக்கு பேக் ஸ்டிட்ச் (விளிம்பைக் காட்டும் மெல்லிய கோட்டுத் தையல்) கோடு தனியாகக் காட்டியிருக்கும்.

வாங்குமுன் விற்பவரிடம் தைத்து முடித்த படம் கேளுங்கள். கணினியில் செய்த மாதிரிப் படம் மட்டுமே காட்டினால் அந்தச் சார்ட்டை யாரும் தைத்துப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிறக் குறிப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் தையல் எண்ணிக்கை இருக்கிறதா, கருப்பு வெள்ளைச் சார்ட்டும் சேர்த்துத் தருகிறார்களா என்றும் பாருங்கள். கைபேசியில் பேட்டர்ன் கீப்பர் போன்ற செயலியில் வைத்துத் தைக்கும் எண்ணம் இருந்தால், ஸ்கேன் செய்த பக்கங்கள் அதில் சரிவராது. செயலிக்கு ஒத்துவரும் பிடிஎஃப்தானா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிரபலமான ஓவியரின் படம் அடிமாட்டு விலைக்கு வந்தால் பெரும்பாலும் அனுமதியில்லாமல் நகல் எடுத்தது. வரைந்தவரிடமே வாங்குங்கள், சந்தேகம் வந்தால் கேட்கவும் ஆள் இருப்பார்.

ஆரூர் இழை (திருவாரூர்)

மேட்டி துணி பத்திக் கேட்டீங்க. மேசை விரிப்பு, தலையணை உறை, ஓரத்துக்குப் பூவேலை இதுக்கெல்லாம் அருமையான துணி. முகம் இருக்கிற படத்துக்கு வேண்டாம் சகோதரி. காரணம், மேட்டியில் பாவும் ஊடையும் ஒரே எண்ணிக்கையில் இருக்கும்னு உறுதி கிடையாது. நெடுக்கிலும் குறுக்கிலும் நாலு நாலு அங்குலம் குறிச்சு, ஊசி முனையால் கட்டத்தை எண்ணிப் பாருங்க. குறுக்கே அங்குலத்துக்கு 12, நெடுக்கே 11-னு வந்தா உங்க கிருஷ்ணர் 14 அங்குல அகலமும் இருபதே கால் அங்குலத்துக்கு மேலே உயரமும் ஆயிடுவார். நெடுக்கேயும் 12 இருந்தா உயரம் பதினெட்டே முக்கால்கூட வராது. முகம் நீண்டு, வட்டமா இருக்க வேண்டிய குண்டலம் முட்டை வடிவமா மாறிடும். கிராஸ் ஸ்டிட்ச்சுக்குன்னே கட்டம் கட்டமா நெய்யற ஐடா துணியில் ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை, ஓட்டையும் தெளிவாத் தெரியும்.

மேட்டியை வேற எதுக்காவது எடுத்தா தைக்கிறதுக்கு முன்னால தண்ணியில் நனைச்சு, காயவெச்சு, தேய்ச்சிடுங்க. தைச்ச பிறகு சுருங்கினா இழுத்தாலும் சரியாகாது. சாயத் துணின்னா வெள்ளைத் துணியை ஈரமாக்கித் தேய்ச்சு, சாயம் இறங்குதான்னும் பாருங்க.

அச்சடிச்ச கிட்டில் இன்னொரு தொல்லை. அச்சு துணியின் ஓட்டை வரிசையோட ஒட்டாம சாய்ஞ்சிருக்கும். மேலே சரியா இருந்து கீழே போகப் போக அரைக் கட்டம் தள்ளி நிக்கும். அந்த மாதிரி வந்தா அச்சை நம்பாம சார்ட்டைப் பார்த்து எண்ணித் தைக்கணும். தைச்சு முடிச்சு, துவைச்சு மை போகிற வரைக்கும் இஸ்திரி பக்கமே கொண்டு போகாதீங்க, சூடு பட்டா சில மை துணியிலேயே தங்கிடும். பல கிட்டில் நூலுக்குக் கம்பெனி நம்பரும் இருக்காது. அதனால பிரிச்ச அன்னைக்கே ஒவ்வொரு நிறத்திலும் ஒரு விரல் நீளம் வெட்டி, அட்டையில் குறியோட கட்டி வெச்சிடுங்க. பின்னால பத்தாமப் போனா அதைக் கடைக்கு எடுத்துட்டுப் போய்ப் பொருத்தலாம்.

எண்ணிக்கை பழகறதுக்கு, கோல நோட்டில் இருக்கிற நேர்க்கோட்டுக் கட்டக் கோலம் ஒண்ணை கிராஃப் தாளில் ஏத்தி ஒரே நிறத்தில் 40 × 40 கட்டம் தைச்சுப் பாருங்க. சிக்குக் கோலம் வேண்டாம், வளைவெல்லாம் படிக்கட்டாத் தெரியும்.

கூறைநாட்டு ஊசி (மயிலாடுதுறை)

ரொம்ப நன்றிங்க. அச்சுக் கிட்டும் மேட்டியும் இல்லைன்னு முடிவு. 82 நிறச் சார்ட்டைப் பெரிசாக்கிப் பார்த்தேன், தஞ்சை ஐயா சொன்னபடியே சிதறல்தான். 28 நிறத்தில் வேற ஒரு கிருஷ்ணர் கிடைச்சிருக்கு, 140 × 182, பேக் ஸ்டிட்ச் கோட்டோட. 14 கவுன்ட்டில் 10 × 13 அங்குலம்னு போட்டுப் பார்த்தேன். பேட்டர்ன் மட்டும் வாங்கி, ஐடா தனியா வாங்கப் போறேன். ஆங்கர் நூல், ஊசி, எங்கே தொடங்கறது, இதை மட்டும் சொல்லுங்க.

குடந்தைக் கட்டம் (கும்பகோணம்)

கணக்கு சரி. துணி 16 × 19.

டிஎம்சிக்கு ஆங்கர் மாற்றுப் பட்டியல் கிடைக்கும். கருப்பு 310-க்கு ஆங்கர் 403, சிவப்பு 666-க்கு 46, வெள்ளை பிளாங்குக்கு 2. ஆனா பட்டியல் கிட்டத்தட்டப் பொருந்தற நிறத்தைத்தான் சொல்லும். தனியா நிக்கிற மயில்பீலிக்கு அது போதும். கிருஷ்ணரோட மேனிக்கு நாலஞ்சு நீலம் படிப்படியா இறங்கும் பாருங்க, அங்கே ஒரு படி தப்பினா கன்னத்தில் பட்டை போட்ட மாதிரித் தெரியும். அதனால நீலக் குடும்பம் முழுசையும் ஒண்ணா எடுத்து, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் வரிசையா வெச்சுப் பார்த்து வாங்குங்க. ட்யூப் லைட் வெளிச்சத்தை நம்பக் கூடாது. அதிகம் பிடிக்கிற நிறத்தை மொத்தக் கண்டும் ஒரே தடவையில் வாங்கிடுங்க, சாயத் தொகுப்பு மாறினா லேசா வித்தியாசம் காட்டும்.

ஊசி முனை மழுங்கினதா இருக்கணும். 14 கவுன்ட்டுக்கு 24 நம்பர். கூர் ஊசி ஓட்டையில் போகாம துணி இழையைக் குத்திக் கிழிக்கும். நூலை ஒண்ணரை அடிக்கு மேல வெட்டாதீங்க, நீளமானா ஓட்டையில் உரசி உரசிப் பஞ்சாயிடும். ஆறு இழையையும் ஒண்ணொண்ணா உருவி, அப்புறம் ரெண்டைச் சேர்க்கணும். ரெண்டையும் ஒரேயடியா உருவினா சிக்கும்.

தொடக்கத்தில் முடிச்சு கூடாது. மூணடி நீளத்தில் ஒரே இழை எடுத்து ரெண்டா மடிச்சு, ரெண்டு நுனியையும் ஊசியில் கோத்துக்குங்க. கீழிருந்து மேலே குத்தி, திரும்பக் கீழே போகும்போது பின்னால தொங்கற மடிப்பு வளையத்துக்குள்ள ஊசியை விட்டு இழுத்தா பூட்டிக்கும். முடிக்கும்போது பின்பக்கம் நாலு தையலுக்கு அடியில் நுழைச்சு வெட்டினா போதும்.

ஒரே நிறம் வரிசையா வந்தா முதல்ல எல்லாத்துக்கும் ஒரு பக்கச் சாய்வு போட்டுட்டுப் போய், திரும்பி வரும்போது மேல் சாய்வு போடுங்க. மேல் சாய்வு படம் முழுக்க ஒரே திசையில் இருக்கணும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நாலு தையல் திசை மாறினாலும் வெளிச்சம் பட்டதும் திட்டா மினுக்கும். பேக் ஸ்டிட்ச் கடைசியில், ஒத்தை இழையில்.

நாகைத் தங்கூசி (நாகப்பட்டினம்)

தைக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னால துணியில் பத்துக்குப் பத்துக் கட்டம் போட்டுக்குங்க. எண்ணிக்கை ஒரு கட்டம் தப்பினா நூறு தையல் கழிச்சுத்தான் தெரியும், அப்போ பிரிக்கிறது பெரும்பாடு. அழியற பேனாவில் கோடு போட்டா இஸ்திரி போடறதுக்கு முன்னால தண்ணியில் நல்லா அலசணும், இல்லேன்னா நிலைச்சிடும். சூட்டில் மறையற பேனா இன்னும் மோசம், குளிர்ச்சியில் திரும்பத் தெரியும். அதைவிட மீன்பிடிக்கிற மெல்லிய தங்கூசி நரம்பு நல்லது. பத்துக் கட்டத்துக்கு ஒரு ஓட்டம் போடுங்க. தையல் நூலா இருந்தா ஊசி அதையும் சேர்த்துக் குத்தி மாட்டிக்கும். நரம்பைக் குத்தாது, முடிச்சதும் உருவினா வழுக்கிட்டு வந்துடும்.

நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகையில் காத்தே ஈரமா இருக்கும். ஊசியைத் துணியில் குத்தி வெச்சுட்டுத் தூங்கப் போனா துருக்கறை விழும், அது லேசில் போகாது. துணியை இறுக்கிப் பிடிக்கிற பிரேம் வளையத்தையும் தினம் கழட்டிடுங்க, அழுத்தின தடத்தில் அழுக்கு சேர்ந்து நிரந்தர வட்டமாயிடும். மழைக்காலத்தில் பாலித்தீன் பையில் அடைக்காம, துவைச்ச வெள்ளை வேட்டித் துணியில் சுத்தி வையுங்க. அந்துருண்டை துணியைத் தொடக் கூடாது. வேர்த்த கையோட தைக்காதீங்க, எண்ணெயும் மஞ்சளும் பட்ட கை வேண்டவே வேண்டாம்.

துவைக்கிறது: பச்சைத் தண்ணி, ரெண்டு சொட்டு மிதமான திரவ சோப்பு, பத்து நிமிஷம். பல ஊர்களில் போர் தண்ணியில் இரும்பு இருக்கும், வெள்ளை ஐடா பழுத்துடும். குடிதண்ணியோ மழைத்தண்ணியோ எடுங்க. சிவப்பு, அடர் நீலம் சாயம் விட்டா பதறி வெயிலில் போடாதீங்க. காய்ஞ்சா கறை தங்கிடும். தண்ணி தெளியற வரைக்கும் மாத்தி மாத்தி அலசிக்கிட்டே இருங்க. பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, கெட்டித் துண்டு மேல முகம் கீழே இருக்கிற மாதிரிப் போட்டுப் பின்பக்கம் தேயுங்க.

தஞ்சை தெற்கு வீதி (தஞ்சாவூர்)

சட்டம் போடும்போது பசை தடவி ஒட்ட விடாதீர்கள், சில வருடங்களில் பழுப்பாக ஊறும். அட்டையின் மேல் துணியை இழுத்து, பின்பக்கம் கெட்டி நூலால் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகப் பின்னிக் கட்டச் சொல்லுங்கள். நீங்களே கட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது. கண்ணாடி துணியைத் தொடக் கூடாது, ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். நடுவில் மவுன்ட் அட்டை (படத்தைச் சுற்றி வரும் அட்டை விளிம்பு) வைக்கச் சொல்லுங்கள். தஞ்சாவூர் ஓவியங்களுக்குச் சட்டம் போடுபவர்களிடம் கொடுத்தால் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விடுவது அவர்களுக்குப் பழகிய வேலை. 10 × 13 படத்துக்குச் சுற்றிலும் ஒன்றரை அங்குல மவுன்ட், ஒரு அங்குலச் சட்டம் என்றால் மொத்த உயரம் 18 அங்குலம். உங்கள் ஒன்றரை அடிக்கு மிகச் சரி.