அந்த ஒரு மணி நேரம் யாருடையது?

கும்பகோணத்திலிருந்து

மயிலாடுதுறையில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். மகளுக்கு நான்கு வயது. காவிரிப் படுகையின் கைத்தொழில்களைப் பற்றிச் சில ஆண்டுகளாக எழுதிவருகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு கட்டுரை முடிந்தாலே பெரிது. வேலைக்கும் போய், குழந்தையையும் பார்த்துக்கொண்டு எப்போது எழுதுகிறாய் என்று கேட்காதவர்கள் இல்லை. "ரயிலில்" என்பேன். அது பாதி உண்மை. மீதியை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் போல வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் எழுதுகிற நீங்களும் உங்கள் மீதியைச் சொல்லுங்கள்.

முதலில் ரயிலைச் சொல்லிவிடுகிறேன். திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கன்பேட்டை, குத்தாலம் என்று நின்று நின்று போகும் வண்டி. திருவிடைமருதூர் வரை மனம் வீட்டிலேயே இருக்கும். பாலை மூடினேனா, பாப்பாவின் தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்தேனா என்று ஓடும். குத்தாலம் வந்தால் முந்தின நாள் முடிக்காத கோப்பு ஞாபகத்துக்கு வந்துவிடும். நடுவில் ஆடுதுறையும் நரசிங்கன்பேட்டையும் மட்டும் என்னுடையவை. பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. அதில் நான்கு வரி எழுதினால் அன்றைக்குப் போதும்.

நேரம் நிறைய இருந்தால் நிறைய எழுதலாம் என்றுதான் ஒரு காலத்தில் நம்பினேன். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்குப் பேறுகால விடுப்பு 2021 ஜூலையிலிருந்து ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டு எனக்கும் கிடைத்தது. மூன்று நோட்டு வாங்கி வைத்தேன். ஒன்றில் தடுப்பூசித் தேதிகளும், இரவில் எத்தனை முறை பால் கொடுத்தேன் என்ற கணக்கும் இருக்கின்றன. மற்ற இரண்டிலும் ஓர் எழுத்துக்கூட இல்லை. அதற்காக இப்போது வருந்தவில்லை. உடம்பு தேறவும் குழந்தை தேறவும் கிடைத்த ஆண்டு அது. எழுதத்தான் கிடைத்தது என்று நான் நினைத்ததே தவறு.

நரசிங்கன்பேட்டை நாதஸ்வரத்துக்குப் பெயர் பெற்ற ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தினமும் ரயிலில் கடந்து போகும் ஊரில் ஒரு நாள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். கணவருக்கு அன்று பணி. பாப்பாவை வழக்கமாகப் பார்த்துக்கொள்ளும் என் அம்மாவுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் அவளையும் தூக்கிக்கொண்டு போனேன்.

நாயனம் செய்யும் பெரியவர் ஒருவரின் வீட்டு முன்பக்கத்திலேயே பட்டறை. ஆச்சாமரத்தில்தான் நாயனம் கடைவார்கள். அதுவும் புதிய மரம் ஆகாது, வெடித்துவிடும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற தூணும் உத்தரமும்தான் வேண்டும். ஆண்டுக்கணக்கில் வீட்டைத் தாங்கி ஈரமெல்லாம் வற்றிய மரம். கடைசலில் இருந்து சுருள் சுருளாக மரச்சீவல் விழுந்துகொண்டிருந்தது. பாப்பா ஒரு சுருளை எடுத்து வளையலாக மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம்தான். அரை மணி நேரத்தில் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் கேள்விகளை அவசர அவசரமாக அடுக்கினேன். பெரியவர் எதற்கும் பதில் சொல்லாமல் கடைசலை நிறுத்தினார். விரல் துளை போடாத ஓர் உலவை, அதாவது நாயனத்தின் குழலை, எடுத்துத் துடைத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதற்குள் "ஊ" என்றாள். உலவு வேறொரு குரலில் திருப்பிச் சொன்னது. அழுகை நின்றுவிட்டது.

"நானும் என் அப்பா பட்டறையில் இப்படி அழுதவன்தான் அம்மா. பிள்ளை அழுதால் வேலையை நிறுத்திவிடுவார். நாற்பது வருஷம் காத்துக் கிடந்த மரம், இன்னும் அரை மணி காத்திருக்காதா?" என்றார்.

பாதிக் கேள்விகளோடு திரும்பினேன். பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தனியாகப் போய்வந்தேன். வாயில் வைத்து ஊதும் சீவாளி, அடியில் பொருத்தும் அணைசு, நீளமான பாரி நாயனத்துக்கும் குட்டையான திமிரிக்கும் உள்ள வேறுபாடு என்று எல்லாவற்றையும் அவரிடம் கேட்டு எழுதினேன். கட்டுரை முடிய ஐந்து மாதம் ஆனது.

அந்த மூன்று ஞாயிறும் பாப்பா என் அம்மாவிடம் இருந்தாள். கட்டுரை முடிந்த பிறகு ஒரு நாள் ரேஷன் அட்டையைத் தேடும்போது, இலவசக் கண் சிகிச்சை முகாமின் துண்டறிக்கை ஒன்று கிடைத்தது. பின்பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு தேதி எழுதி அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே இன்னொரு தேதி, அதுவும் அடிக்கப்பட்டிருந்தது. இரண்டும் நான் நரசிங்கன்பேட்டையில் இருந்த ஞாயிறுகள். அம்மாவுக்குக் கண்புரை முற்றிக்கொண்டிருந்தது. அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இனி "ரயிலில் எழுதுகிறேன்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீங்கள் எழுதும் அந்த ஒரு மணி நேரம் யாரிடமிருந்து வருகிறது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து

சகோதரி, படித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன்.

அஞ்சல் துறையில் கடிதங்கள் பிரிக்கும் பணி, மாதத்தில் பாதி இரவு முறை. மனைவி பள்ளி ஆசிரியை. பையனுக்கு எட்டு வயது. நான் எழுதுவது நீர்ப்பறவைகளைப் பற்றி. என் ஒரு மணி நேரம் பையனிடமிருந்துதான் வந்தது. அவன் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து போனில் எழுதுவேன். அருகிலேயே இருக்கிறேனே, அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பள்ளியில் "என் அப்பா" என்று ஐந்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது வரி: "என் அப்பா எப்போதும் போன் பார்ப்பார்."

அவன் எழுதியதில் தப்பே இல்லை. போனில் கட்டுரை எழுதுகிற அப்பாவும் வீடியோ பார்க்கிற அப்பாவும் குழந்தையின் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள். மறுநாளே நாற்பது பக்க நோட்டு இரண்டு வாங்கினேன், எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. நான் பேனாவால் எழுத ஆரம்பித்தேன். நான் என்ன செய்கிறேன் என்று அவனுக்குத் தெரிய ஆரம்பித்தது. "அப்பா, நாரைக்கு எந்த ர?" என்று கேட்டான். பணி முடிந்து வந்த பிறகு தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது, இரட்டை வேலைதான். ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை.

சென்ற பருவத்தில் அவனைக் கூந்தன்குளத்துக்கு அழைத்துப்போனேன். ஊருக்குள்ளேயே மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கும். பறவைகள் பயந்துவிடும் என்று அந்த ஊர் மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அதைக் கேட்டதும் பையன் தன் நோட்டில் எழுதிக்கொண்டான். என் கட்டுரையில் இருக்கும் கூடுகளின் எண்ணிக்கை அவன் எண்ணியது.

மத்திய அரசுப் பணியில் இருந்துகொண்டு எழுதத் தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த எழுத்தை எப்போதாவது எழுதுவதற்குத் தடை சொல்லவில்லை. அலுவலக நேரத்தையும் அலுவலக விஷயத்தையும் தொடாமல் இருந்தால் போதும். நான் இதற்குப் பயந்தே இரண்டு ஆண்டுகள் எழுதாமல் இருந்தேன்.

கோவையிலிருந்து

தனியார் நிறுவனத்தில் வேலை. 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து போன மாதம்தான் திரும்பினேன். நான் தட்டச்சு செய்வதில்லை. இரவு தூளியை ஆட்டிக்கொண்டே போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. காலையில் எடுத்துப் பார்த்தால் கைத்தறியைப் பற்றிய பத்திக்கு நடுவே "ஆராரோ ஆரிரரோ" என்று இரண்டு வரி இருக்கும். குழந்தை சிணுங்கிய இடம் அது. அந்த வரிகளை அழிக்காமல் தனியாகச் சேர்த்து வைக்கிறேன்.

நாவலாசிரியர் வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு முதல் நாடகத்தை உருவாக்கியபோது சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். 1925இல் ஒரு பத்திரிகைக்கே ஆசிரியரானார். கை ஓயாமல் இருக்கும்போது வாயால் எழுதுவது நமக்கு முன்பே இருந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய தைரியம்.

என் ஒரு மணி நேரம் என் தூக்கத்திலிருந்து வருகிறது. இது நெடுநாள் ஓடாது என்றும் தெரிகிறது.

திருவாரூர் மாவட்டத்திலிருந்து

நான் எழுதுகிறவள் இல்லை. என் மருமகள் எழுதுகிறாள். பேரனைத் தூங்கவைத்துவிட்டு இதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டினாள். நான் சொல்கிறேன், அவள் தட்டுகிறாள்.

கும்பகோணத்துப் பெண்ணே, உன் அம்மா ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னால் நீ போக மாட்டாய். நீ போக வேண்டும் என்று அவள் நினைத்தாள். அதில் வருத்தப்பட எதுவும் இல்லை. ஆனால் போய்வந்து அங்கே என்ன பார்த்தாய் என்று அவளிடம் சொன்னாயா? எனக்கு இருந்த மனத்தாங்கல் அதுதான். பேரனை நான் வைத்திருப்பேன், இவள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவாள். என்ன எழுதினாள் என்று ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது.

ஒரு முறை கஜா புயலைப் பற்றி எழுதியிருக்கிறாள். 2018 நவம்பரில் எங்கள் கொல்லையில் பதினொரு தென்னை விழுந்ததாக. பக்கத்து வீட்டுப் பெண் படித்துவிட்டு வந்து என்னிடம் கேட்டாள். விழுந்தவை பதினான்கு. நான் வைத்து, தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள். இவள் கல்யாணமாகி வருவதற்கு முன்பே விழுந்துவிட்டன, இவளுக்கு எப்படித் தெரியும்? அன்று எனக்குக் கோபம் வந்தது. சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். மறுநாள் நோட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மரமும் எந்த இடத்தில் நின்றது என்று கேட்டாள். கிணற்றடி மரத்தைச் சொல்லும்போது நானும் அழுதேன்.

இப்போது எதை எழுதினாலும் முதலில் எனக்குப் படித்துக் காட்டுகிறாள். செவ்வாய்க்கிழமை என்னுடையது. அன்று நான் கோயிலுக்குப் போவேன், அவள் எழுத மாட்டாள். மற்ற நாள்களில் பேரனை நான் சந்தோஷமாகத்தான் வைத்துக்கொள்கிறேன்.

மீண்டும் கும்பகோணத்திலிருந்து

அம்மா, நீங்கள் சொன்னதை இரண்டு முறை படித்தேன். நேற்றிரவு கட்டுரையை என் அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். ஆச்சாமரம் வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். "சின்ன வயதில் சுவாமி புறப்பாட்டில் நாயனக்காரருக்குப் பின்னாலேயே நான்கு வீதியும் சுற்றுவேன். அப்பா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்" என்றார். இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தெரியாது. "என்னையும் அங்கே அழைத்துக்கொண்டு போயிருக்கலாமே" என்றும் கேட்டார்.

அடுத்த முகாம் வருகிற ஞாயிறு. நான்தான் அழைத்துப்போகிறேன். அறுவை முடிந்து கண்ணில் கட்டவிழ்த்த பிறகு மூன்று பேரும் நரசிங்கன்பேட்டைக்குப் போவதாகப் பேசியிருக்கிறோம். அந்த மரச்சுருள் வளையலைப் பாப்பா இன்னும் வைத்திருக்கிறாள். பாதி உடைந்துவிட்டது, பெரியவரிடம் வேறொன்று கேட்க வேண்டுமாம்.