ரிவர் கன்ட்ரிக்குள் வேலி தாண்டிப் போனது சரியா?

ஊர்சுற்றி:
ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டில், பே லேக் ஏரிக்கரையில் 1976இல் திறந்தது ரிவர் கன்ட்ரி. டிஸ்னியின் முதல் நீர்ப்பூங்கா. 2001 நவம்பரில் குளிர்காலத்துக்கென்று மூடினார்கள், மறுபடி திறக்கவே இல்லை. 2019இல் இடிக்கும்வரை அங்கே புதர் மண்டிக் கிடந்தது. அந்தக் கோலத்தைப் படமெடுத்து நமக்குக் காட்டியது வேலி தாண்டிப் போன சிலர்தான். அது அத்துமீறல் என்கிறார் கருப்பட்டி. அவர்களைத் திருடர்கள் மாதிரிப் பேசுவது அநியாயம்.

கருப்பட்டி:
திருடன் என்று நான் சொல்லவில்லையே, அத்துமீறல் என்றேன். அடுத்தவன் இடம், வேலி போட்டிருக்கிறான். அப்புறம் அந்தத் தண்ணீர்! 2016இல் பக்கத்திலேயே, இந்த ஏரியோடு இணைந்த செவன் சீஸ் லகூன் கரையில் இரண்டு வயதுக் குழந்தையை முதலை இழுத்துப் போனது. 1980இல் ரிவர் கன்ட்ரியில் நீந்திய 11 வயதுப் பையன் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தான். பூங்காவை மூடியதே அதனால்தான்.

சும்மாராஜா:
கருப்பட்டி அண்ணா, கடைசி வரி மட்டும் தப்பு. பையன் இறந்த பிறகும் பூங்கா 21 வருடம் ஓடியது. அந்த அமீபா வெதுவெதுப்பான ஏரி, குளம் எதிலும் இருக்கலாம். மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து, குடித்தால் அந்த நோய் வராது. என் கணிப்பு வேறு: 1989இல் டைஃபூன் லகூன், 1995இல் பிளிசார்ட் பீச் என்று டிஸ்னியே இரண்டு பெரிய நீர்ப்பூங்காக்களைத் திறந்துவிட்டது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு சுற்றுலாவும் படுத்தது. இந்தச் சின்னப் பூங்காவை யார் கட்டிக்கொண்டு அழுவார்கள்? ஏரித் தண்ணீரையே வடிகட்டி விட்ட, அடியில் மணல் பரப்பிய குளம் அது. ஓடிய காலத்தில் பார்க்கவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

கருப்பட்டி:
சரி, அமீபா விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் ஓடிய காலத்துப் பூங்காவைத்தான் பார்க்க வேண்டும் என்பதில் ராஜா சொன்னதுதான் என் கட்சியும். பிள்ளைகள் அங்கே கும்மாளம் போட்ட பழைய குடும்பப் படங்களைத் தேடுங்கள், அது வரலாறு. பாசி பிடித்த சறுக்கில் என்ன இருக்கிறது?

ஊர்சுற்றி:
கைவிட்டுப்போன அத்தனை வருடமும் வரலாற்றில் சேராதா? பெரிய நீச்சல்குளத்தை 2016இல் மண் போட்டு மூடிவிட்டார்கள். அதற்கு முன் அது எப்படிக் கிடந்தது என்று குடும்பப் படம் சொல்லுமா? முதலை இருக்கும் ஏரியில் இறங்குவது முட்டாள்தனம், அதை ஒப்புக்கொள்கிறேன். நடந்து போனவர்களுக்காகத்தான் பேசுகிறேன்.

கருப்பட்டி:
நடந்து போனாலும் அத்துமீறல்தான்.

சும்மாராஜா:
இனி அந்தச் சண்டைக்கும் வழியில்லை. அதே இடத்தில் 2018இல் ஹோட்டல் அறிவித்து, 2020இல் வேலை நின்று, இப்போது பெயரை மாற்றி 2027இல் திறப்பதாகச் சொல்கிறார்கள். அறை எடுத்து முறையாகவே உள்ளே போகலாம். வாடகையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.