ஏழாம் வகுப்பு மகன் "நாம என்ன ஆளுங்க?" என்று கேட்கிறான்: என்ன சொல்வது?

தாமிரபரணிக்கரை (கேள்வி)

சென்ற வாரம் பள்ளியிலிருந்து திரும்பிய மகனின் மணிக்கட்டில் இரண்டு நிற நூலை முறுக்கிய கயிறு ஒன்று இருந்தது. கோயில் கயிறு என்று நினைத்துத்தான் கேட்டேன். பேருந்தில் உடன் வரும் ஒன்பதாம் வகுப்பு அண்ணன் கட்டிவிட்டதாகவும், "நம்ம ஆளுங்கன்னா இதக் கட்டணும்" என்று அவன் சொன்னதாகவும் கூறிவிட்டு, "அப்பா, நாம என்ன ஆளுங்க?" என்று கேட்டான்.

வீட்டில் சாதிப் பேச்சையே எடுப்பதில்லை என்பதை நானும் மனைவியும் பெருமையாக நினைத்திருந்தோம். நாங்கள் சொல்லாமல் விட்டதைப் பேருந்தில் வேறொருவன் சொல்லிக்கொடுத்துவிட்டான். "சாப்பிட்டுட்டு வா, பேசலாம்" என்று அப்போதைக்குத் தப்பித்தேன். நான்கு நாட்களாகியும் பேசவில்லை. கயிற்றை அறுத்துப் போட்டுவிடலாமா, பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இதை எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சுண்ணக்கட்டி

ஐயா, நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. கயிற்றை நீங்கள் அறுக்க வேண்டாம். அறுத்தால் அதன் மதிப்பு கூடும், நாளை அது சட்டைப்பைக்குள் போகும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிநாயகம் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவற்றைப் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அது பள்ளி செய்ய வேண்டிய வேலை. வீட்டில் செய்ய வேண்டியது, அந்தக் கயிறு யாரைச் சேர்த்துக்கொள்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று அவனையே சொல்ல வைப்பது. "உன் பெஞ்சில் உட்காரும் மூன்று பேரில் யாருக்கெல்லாம் அந்த அண்ணன் கட்டிவிட்டான், யாருக்குக் கட்டவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகக் கவனித்து வைத்திருப்பார்கள்.

சாதியின் பெயரை மறைக்காதீர்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு சேர்க்கைப் படிவத்தில் சாதிச் சான்றிதழை இணைக்கும்போது எப்படியும் தெரியவரும். பெயரைச் சொல்லி, அதில் பெருமைப்படவும் ஒன்றுமில்லை, கூசவும் ஒன்றுமில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் இது வேறு முகம் காட்டும். "அவனுக்கென்ன மிஸ், கோட்டாவில் சீட் கிடைச்சிடும்" என்று ஒருவன் சொல்வான். நான் அப்போது தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டைக் கரும்பலகையில் பிரித்து எழுதுவேன்: பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. சொன்னவன் பெரும்பாலும் முதல் இரண்டு வரிகளில் எங்காவது இருப்பான். யாரையும் எழுப்பிக் கேட்க மாட்டேன். பலகையைப் பார்த்தபடி அவனே கணக்குப் போட்டுக்கொள்வான். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தீராத எரிச்சல்.

மாம்பலத்தார்

பேசப் பேசத்தான் சாதி வளர்கிறது என்பது என் கருத்து. பேசியே ஆக வேண்டும் என்றால், 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறப்படி பிரித்து நடத்திக் காட்டியதைப் போல, நம் பள்ளிகளிலும் பொய்யாக ஒரு பிரிவினையை உண்டாக்கி உணர வைக்கலாமே?

சுண்ணக்கட்டி

அயோவாவின் அந்தச் சிற்றூர் வகுப்பில் இருந்தவர்கள் அனைவரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். ஒதுக்கப்படுவது எப்படியிருக்கும் என்று அறியாதவர்கள். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அது வீட்டு வாசலிலேயே தெரியும். அவர்களை இன்னொரு முறை ஒதுக்கிக் காட்டி மற்றவர்களுக்குப் பாடம் நடத்த எனக்கு மனம் வராது.

இரு பெண்களின் தந்தை

நான் பட்டியல் சாதியைச் சேர்ந்தவன். என் சின்ன மகள் நான்காம் வகுப்பில் தோழியின் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்து, "எல்லாருக்கும் சில்வர் டம்ளர்ல ஜூஸ் குடுத்தாங்க, எனக்கு மட்டும் படம் போட்ட பேப்பர் கப்" என்று குதித்துக்கொண்டு சொன்னாள். அந்தக் கப்பைக் கழுவி எடுத்துக்கொண்டே வந்திருந்தாள். அவளுடைய அக்காவுக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டும் அதே வீட்டிலிருந்து அழைப்பு வந்தபோது சொல்ல வேண்டியதாயிற்று.

கேள்வி கேட்ட ஐயாவைக் குறை சொல்லவில்லை. எந்த வயதில் சொல்லலாம் என்று யோசிக்க உங்களுக்கு நான்கு நாள் கிடைத்திருக்கிறது; எங்களுக்கு அந்த வயதை அடுத்த வீட்டார் முடிவு செய்கிறார்கள். பேசாமல் இருந்தால் சாதி போய்விடும் என்பவர்கள், அந்த டம்ளரை எடுத்துவைத்த அம்மையாரும் வீட்டில் சாதி பேசாதவராகவே இருந்திருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு என்ன சொல்வது என்பதற்கு முன்னால், உங்கள் வீட்டில் யார் எதுவரை வருகிறார்கள், எதில் குடிக்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் நன்றி. கடைசிப் பதிலைப் படித்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனேன். தேங்காய் பறிக்க வருபவருக்காக என் அம்மா காலத்திலிருந்து ஒரு அலுமினியச் செம்பு துவைகல்லின் மேல் கவிழ்ந்தே இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக நான் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

அதை மகனிடமே காட்டி, இது ஏன் உள்ளே வருவதில்லை என்று கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. "அது அந்தத் தாத்தா குடிக்கிறது, நாம தொடக்கூடாதுன்னு ஆச்சி சொல்லிருக்காங்க" என்றான். சாதிப் பெயர் தெரியாமலேயே இது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்கினேன். ஒரு மணி நேரம் ஓடியது. பெஞ்சில் இருக்கும் மூவரில் ஒருவனுக்குக் கயிறு கிடைக்கவில்லை என்பதையும் அவனாகவே சொன்னான். கயிறு இன்னும் கையில்தான் இருக்கிறது, நான் தொடவில்லை. இனி அவரும் நாம் குடிக்கும் டம்ளரில்தான் குடிப்பார் என்றதற்கு அவன் கேட்டது ஒன்றுதான்: "பொங்கலுக்கு ஆச்சி வருவாங்களே, அப்பவுமா?"